ஸ்ரீமுஷ்ணத்தில் ஓட்டை போட்ட நாற்காலி

அமிர்தசாமி மைக்கைப் பிடித்துவிட்டால், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் போக நினைத்த ரயிலுக்குப் போக முடியாது. அதற்கடுத்த ரயிலுக்குத்தான் போக முடியும். விருத்தாசலம் ஜங்ஷனாக இருப்பதால் யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும் ஊரில் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அப்போது அவர் தொடங்கியதுதான் 'கொடுத்து மகிழ்வோர் குழு'. வேண்டாத பொருளை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கிறிஸ்தவப் பங்குக் கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து வைக்கலாம். எந்தச் சாமியைக் கும்பிடுபவராக இருந்தாலும், வேண்டியவர் சும்மா எடுத்துப் போகலாம்.

அதோடு விட்டிருந்தால் நல்ல காரியமாகவே இருந்திருக்கும். தலைவராகிவிட்டதால் அமிர்தசாமி சட்டங்கள் போட்டார். வாங்குபவர் நேரில் மேடையேறி, அந்தப் பொருள் தனக்கு ஏன் தேவை என்று மைக்கில் சொல்ல வேண்டும். போட்டோவுக்கு நிற்க வேண்டும். வந்த பொருளைக் கொடுத்தவர் திரும்பக் கேட்கக் கூடாது. "வெக்கப்படாம கேக்கறவனுக்குத்தான் உண்மையான தேவை இருக்குது" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மிக்சிக்காக வந்த பெண் ஒருத்தி மைக்கைப் பார்த்ததும் அம்மியே போதும் என்று திரும்பிவிட்டாள். மேடை நடுவில் கைப்பிடியும் உயர்ந்த முதுகும் வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தலைவருக்கென்றே இருந்தது. அவர் வராத நாளில்கூட அதில் யாரும் உட்காருவதில்லை.

அவருக்கு வேலை, தரையில் பதிக்கிற கழிவறைப் பீங்கான் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில். அதனால் குந்துவது பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கல்யாணப் பந்தி என்றும் பார்க்காமல் அதை எடுத்துவிடுவார். "குந்திப் போன காலத்துல முட்டிவலி உண்டா? நாற்காலியில உக்காந்த மாதிரி போறானே, அவன்தான் ஆஸ்பத்திரியில நிக்கிறான். என் முட்டியப் பாருங்க, இரும்பு!"

முட்டிகள் இந்தக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. போன வருடம் ஒருநாள் காலையில் குந்தியவர் எழ முடியாமல் குழாயைப் பிடித்துத் தொங்கி, கடைசியில் குழாயும் கையுமாக வெளியே வந்தார். அப்புறம்தான் மடக்கு இரும்பு நாற்காலி ஒன்று வாங்கினார். நடுவில் வட்டமாக ஓட்டை போட வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் போட்டால் விஷயம் ஊர் சுற்றிவிடும் என்று அதைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீமுஷ்ணம் வரை கொண்டுபோனார். மனைவி ஜோஸ்பினிடம், "உங்க அம்மா வந்தா கஷ்டப்படறாங்களே, அவங்களுக்குத்தான்" என்றார். மாப்பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று ஜோஸ்பின் அந்த வாரம் முழுக்க மீன் குழம்பு வைத்தாள்.

அந்த மாமியார் இப்போது திட்டக்குடியில் மகன் வீட்டோடு தங்கிவிட்டார். தினமும் ஜோஸ்பின் எழுவதற்கு முன்னால் நாற்காலியை விரித்து, வேலை முடிந்ததும் மடக்கிப் பழைய இடத்தில் வைத்துவிடுபவர் அமிர்தசாமிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவின் செயலாளர் கோதண்டபாணி, "அடுத்த பொருள்!" என்று மடக்கிய நாற்காலி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஓட்டைக்குள் அவர் தொப்பை தெரிந்தது. அமிர்தசாமிக்கு அந்த வட்டத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். நாளைக் காலை என்ன கதி என்று முட்டிகள் இரண்டும் இப்போதே கேட்டன.

மேடை ஓரமாக ஜோஸ்பினைக் கூப்பிட்டார். "யாரக் கேட்டு எடுத்தாந்த?"

"நம்ம வூட்டுலேர்ந்தும் ஒரு பொருள் போவணும்னு நீங்கதான சொன்னீங்க. அம்மாவும் இனிமே வரப்போறதில்ல. அதுல வேற யாரு உக்காருறா?"

உண்மையைச் சொன்னால் ஒரு வாரத்து மீன் குழம்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் கோதண்டபாணியிடம் போனார்.

"இது தப்பா வந்துருச்சு. எடுத்து உள்ள வைங்க."

"வந்தது வந்ததுதான் தலைவரே. நீங்க போட்ட சட்டம்."

"ஒரு ஏழை கேட்டிருந்தாரு. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"ஏழை நேர்ல வந்து மைக்ல சொல்லணும். அதுவும் நீங்க போட்டதுதான்."

அதற்குள் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் வீரம்மாள் மேடையேறிவிட்டாள். மைக்கே தேவைப்படாத குரல். "நாள் பூரா தரையில குந்திப் பூக்கட்டி முட்டி போச்சுங்க. காலையில போயிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள உசுரு போய் உசுரு வருது. எனக்கு இது வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் சிலர் தங்கள் முட்டியைத் தடவிக்கொண்டார்கள்.

"ஆனா ஒண்ணு சார்," என்று வீரம்மாள் அமிர்தசாமி பக்கம் திரும்பினாள். "ஓட்ட போட்ட சேரு. ஆளத் தாங்குமா? நீங்க நல்லா கனமா இருக்கீங்க. கொஞ்சம் குந்திக் காமிங்களேன்."

கூட்டம் கை தட்டியது. கைதட்டலுக்கு மறுப்புச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. விருந்தாளி மாதிரி விளிம்பில் உட்கார்ந்து உடனே எழுந்துவிடுவது அவர் திட்டம். ஆனால் ஒரு வருடமாகப் பழகிய உடம்பு வேறு திட்டம் வைத்திருந்தது. இடுப்பு ஓட்டையில் கச்சிதமாக இறங்கியது. கண்கள் பாதி மூடின. வலது கை தானாக நீண்டு, அங்கே இல்லாத குழாய் ஒன்றைத் திருகியது.

"அட, தண்ணி தொறக்குறாரு பாரு!" என்றாள் வீரம்மாள்.

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஜோஸ்பின் குரல் தனியாகக் கேட்டது. "அப்ப எங்கம்மாவுக்கு இல்லையா?"

கோதண்டபாணி மைக்கை நீட்டினார். "தேவையச் சொல்லிடுங்க தலைவரே."

"குந்த முடியல," என்றார் அமிர்தசாமி. அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. போட்டோக்காரர் பளிச்சென்று எடுத்துக்கொண்டார்.

வீரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இத நீங்களே வச்சிக்கிங்க சார். பழகின ஒடம்பு, சேரு மாறினா வராது. எனக்கு அதக் குடுங்க." அவள் விரல் மேடை நடுவே நீண்டது. "கைப்பிடி இருக்குது. புடிச்சிக்கிட்டு எழுந்திரிக்க வாட்டமா இருக்கும். ஓட்டைதான் இல்ல, நீங்க போட்டுக் குடுத்துடுங்க."

"அது தலைவர் நாற்காலிம்மா..."

"தேவைய மைக்ல சொல்லிட்டனே சார்!"

மறுநாள் அமிர்தசாமி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். "இன்னும் எதுக்கு ஸ்ரீமுஷ்ணம்?" என்றாள் ஜோஸ்பின். "அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. கடைத்தெருவுலயே போட்டுக்குங்க." அன்று அவள் வைத்தது ரசம்.

கடைத்தெருப் பட்டறையில், "எவ்ளோ அகலம் சார்?" என்று கேட்டார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அமிர்தசாமி இரண்டு கைகளையும் வட்டமாக்கிக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு மேடையில் தலைவருக்கு நாற்காலி இல்லை. நின்றுகொண்டேதான் பேசினார். முட்டிகள் அனுமதித்தவரை பேசினார். அன்றைக்கு எல்லாரும் அவரவர் ரயிலைப் பிடித்தார்கள்.