ஆர் செய்தது

0.1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் எங்கள் கழகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. 1998ஆம் ஆண்டு மலரில் நான்கு பக்கம் காலியாம். "தம்பி, சிரிப்பா ஏதும் எழுதித் தாரும்" என்றார். தன் படம் இருக்கும் பக்கத்தைத் தவிர மலரில் வேறெதையும் அவர் வாசிப்பதில்லை. இந்தப் பக்கத்தில் அவர் படம் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் கழகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன், பதினான்கு வருஷமாக. தொழிலாளர் நலனுக்கான கழகம் என்று வாசல் பலகையில் போட்டிருக்கிறது. பலகை பெரிது.

முதல் தொடக்கம்: "பினாங்கு ஜார்ஜ் டவுனின் கடற்காற்று மெல்ல வீசிய அந்த மாலையில் ஜன்னத்—"

வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் காற்று வராது. தொழிற்சாலை முதலாளி ஏர்கான் அன்பளிப்புச் செய்ததும் ஜன்னலை ஆணியடித்துவிட்டோம்.

இரண்டாவது தொடக்கம்: ஜன்னத் பத்தொன்பது நாளாக அந்தக் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும்.

0.2

ஜன்னத் புள்ளியியல் படித்தவள். கழகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரே ஆள். மற்ற நாங்கள் எல்லாரும் சேவை செய்கிறோம், அதாவது கூட்டத்துக்கு வருகிறோம். பாயான் லெப்பாஸ் பக்கம் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 212 பேருக்குக் காது சோதித்த தாள்கள் அவளிடம் இருந்தன. இரைச்சலால் காது போகிறதா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். ஏர்கான் கொடுத்த அதே தொழிற்சாலைதான். அவர்களே கேட்டு வாங்கிய ஆய்வு. "குறையொன்றும் இல்லை" என்று வரும் என எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கணக்குக்கு மட்டும் தெரியவில்லை.

(இந்த இடத்தில் ஜன்னத்துக்கு அந்தத் தொழிற்சாலையில் ஓர் அக்காவை வைத்திருந்தேன், காது கேளாத அக்கா. பிறகு அழித்துவிட்டேன். ஒரு பெண் சரியாகக் கணக்குப் போட வீட்டில் ஓர் அழுகை இருந்தாக வேண்டுமா?)

கடைத்தெருவில் வாங்கிய திருட்டு நகல் மென்பொருள் ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதிலேயே போடலாமே என்றோம். அவள் மறுத்தாள்.

"அது எப்படிக் கணக்குப் போடுதுன்னு உள்ளே பாக்க முடியாது அண்ணே. நாளைக்கு ஃபேக்டரிக்காரன் கேட்டா என்னா காட்றது? இது தொறந்து கெடக்குலா. யாரு வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்."

'இது' என்றது, நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்கிய ஓர் இலவச மென்பொருள். பெயர் ஒரே எழுத்து: ஆர். ஆயத்தமாகப் பெட்டியில் வராது. எழுதிய மூல நிரலை அப்படியே தந்துவிடுவார்கள்; நம் கணினியிலேயே அதைக் கட்டி நிறுவிக்கொள்ள வேண்டும். மைண்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தோழியிடமிருந்து பதினோரு நெகிழ்வட்டுகளில் கொண்டுவந்தாள். ஒன்பதாவது வட்டு பழுது. மறுபடி பஸ் ஏறினாள். 'மேக்' என்று தட்டினால் கட்டத் தொடங்கும். நூறு வரி ஓடும். பிறகு ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று நிற்கும். அதைத் தேடிப் போட்டால் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழிக்கு மொழிபெயர்ப்பி இல்லை என்று நிற்கும். அவள் கோபிக்கவில்லை. "எந்த வரியில நின்னுச்சுன்னு சொல்லுதுலா. மனுசங்க சொல்றாங்களா?" என்றாள்.

0.2.1

பத்தொன்பதாம் நாள் எல்லாம் தயார். அதைக் கேள்விப்பட்ட தலைவர் திறப்பு விழா வைத்தார்.

நான் மிகைப்படுத்தவில்லை. கணினித் திரைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினோம். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார், கத்தரித்தார், என்டர் பொத்தானை அழுத்தினார். வரிகள் ஓடின. கைதட்டினோம். வரிகள் மேலும் ஓடின. விழாவுக்கு வாங்கிய கறிபாப் பலகாரம் தீர்ந்தது. "இன்னும் திறக்கேல்லையோ?" என்று தலைவர் கேட்டார். மூன்று மணி நேரம் ஆகும் என்றாள் ஜன்னத். அவர் புறப்பட்டுப் போய்விட்டார். கட்டி முடிந்தபோது அறையில் அவள் மட்டும் இருந்தாள்.

மறுநாள் கணினிப் பெட்டியில் ஒரு பித்தளைத் தகடு ஒட்டப்பட்டது: 'ஆர் மென்பொருளை நிறுவியவர்: தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா.' வாசகம் நான் எழுதியது.

0.3

கணக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு மேல் அழுத்து இயந்திரத்தில் நின்றவர்களில் மூன்றில் ஒருவருக்குக் காது பழுது. தலைவருக்கும் செயற்குழுவுக்கும் தாளை விநியோகித்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அறிக்கையைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பலாமா என்பதுதான் அன்றைய பொருள். தலைவர் தாளைப் புரட்டிவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். நான் எழுதினேன். வேகமாக எழுதும்போது நான் நிறுத்தற்குறி போடுவதில்லை.

தலைவர்: ஆர் செய்தது அனுப்புங்கோ

ஆர் போட்ட கணக்கு, அனுப்பலாம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். மறுநாள் ஜன்னத் அனுப்பினாள். அடுத்த வாரம் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. கழகத்துக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன புது மண்டபம் அந்தரத்தில் நின்றது.

(அடிக்குறிப்பாக இதைப் படியுங்கள்: யாழ்ப்பாண வழியில் வந்தவர்கள் 'யார்' என்பதை 'ஆர்' என்பார்கள். தலைவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பினாங்குதான். ஆனால் அந்த 'ஆர்' மட்டும் கப்பலிலிருந்து இறங்கவில்லை.)

தலைவர் என்னைக் கூப்பிட்டார். "நான் ஆர் செய்தது எண்டு கேட்டனான். செய்த ஆளை என்ர அறைக்கு அனுப்பச் சொன்னனான். அந்தப் பிள்ளை அறிக்கையை அனுப்பிப்போட்டுது. நீர் ஒரு கேள்விக்குறியை விட்டுட்டீர் தம்பி. சின்னக் குறிதானே."

செய்த ஆள் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள் என்று நான் சொல்லவில்லை. அவர் குரல் கேள்வியாக உயரவே இல்லை என்றும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது பித்தளைத் தகட்டைக் காணோம். நான்கு பசைத் தடங்கள் மட்டும் இருந்தன.

மாலையில் ஜன்னத் வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கணக்கு தப்புன்னா எந்த வரியில தப்புன்னு காட்டச் சொல்லுங்க அண்ணே. எல்லாம் தொறந்துதானே கெடக்கு. நீங்க எழுதுனதும் அப்படித்தானே கெடக்கு?"

அப்படிக் கிடக்கவில்லை. நான் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தேன். பென்சிலால், 'செய்தது' என்பதற்குப் பக்கத்தில், அழகான ஒரு கேள்விக்குறி. காரணம் பயம். கௌரவமான வேறு காரணம் தேடி மூன்று வரைவு எழுதினேன்; கிடைக்கவில்லை.

0.4

முடிவு அ: எழுத்தாளர் மனம் திருந்தி மேடையேறி உண்மையை— (என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: தலைவரின் காது கெட்டுப்போகிறது. (மலிவு. ஆனால் எழுதும்போது இனித்தது.)

முடிவு இ: ஜன்னத் தானே ராஜினாமா செய்துவிட்டு வேறு நல்ல வேலை— (இந்த முடிவை நீங்கள் எல்லாரும் விரும்புவீர்கள். அதனாலேயே தரமாட்டேன்.)

0.5

இந்த மலர் பொதுக்கூட்டத்துக்கு முன் உங்கள் வீடு வந்து சேரும். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. பொருள் ஆறு: அனுமதியின்றி அறிக்கை அனுப்பிய ஊழியரை நீக்குவது, அறிக்கையைத் திரும்பப் பெறுவது. பொருள் இரண்டு: சென்ற செயற்குழுக் கூட்டக் குறிப்பை, அந்தக் கேள்விக்குறியோடு, உறுதிப்படுத்துவது. பொருள் இரண்டுக்கு நீங்கள் படிக்காமலே கைதூக்குவீர்கள். பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன்.

அந்தக் குறியை நீயே அழித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அழிக்கலாம். பிறகு அவர் பேனாவால் போடச் சொல்வார், போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குச் செயற்குழுவில் பதினோரு பேர் இருந்தீர்களே, அந்தக் குரலைக் கேட்டீர்களே. உங்கள் காதையும் சோதித்து ஜன்னத்திடம் தாள் கொடுக்க வேண்டுமா? மற்றவர்கள் 'ஆர்' என்று பொறித்த தகட்டைப் பார்த்தீர்கள். கறிபாப் சாப்பிட்டீர்கள்.

கட்டி முடித்த கதையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். மூலத்தைத் தருகிறேன். குறிப்புப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமை வாசல் மேசையில் இருக்கும். அழிப்பான் ஒன்றை நூலில் கட்டி அதோடு தொங்கவிட்டிருக்கிறேன். பக்கம் 41, மேலிருந்து ஏழாவது வரி. இங்கே அதை அன்று எழுதியபடியே அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.

தலைவர்: ஆர் செய்தது அனுப்புங்கோ