வடகரைச் சுவர்

இம்ப்ரூவ் என்ற வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தார் ராயப்பராஜ். எட்டாம் வகுப்புக்கு அன்றைக்கு அதுதான் பாடம். காய்ச்சல்காரனுக்கு உடம்பு தேறினால் அந்தச் சொல். கையெழுத்து திருந்தினால் அந்தச் சொல். எரு போட்டு மண்ணை வளப்படுத்தினாலும் அதுவே. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, இங்கிலீஷ்காரன் ஒன்றையே வைத்துக்கொண்டு எப்படியோ சமாளிக்கிறான் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, எங்கள் ஊருணி இம்ப்ரூவ் ஆகிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னாள். பிழையில்லாத வாக்கியம். ஆனால் வடகரைப் பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நல்லது என்று சொல்ல வாயெடுத்தவர், அவளை உட்காரச் சொன்னார்.

மணலூரணிப்பட்டிக்கு இருந்தது அந்த ஒரே ஊருணிதான். தென்கரையில் மேலத்தெருவுக்குக் கருங்கல் படித்துறை. வடகரையில் மாடு இறங்கும் சரிவு. வடகரைத் தெருவுக்கு அதுதான் துறை. இரண்டு கரைக்காரர்களும் ஒருவர் துறைக்கு ஒருவர் போனதில்லை. ஆனால் தண்ணீர் ஒன்றாகவே கிடந்தது. காலை நனைத்து மொள்வதால் நரம்புச் சிலந்தி நோய் வருகிறதென்று போன வருஷம் பிளாக் ஆபீஸிலிருந்து திட்டம் வந்தது. ஊருணியைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். உள்ளே தென்கரையோரம் கிணறு இறக்கி, கைப்பிடிச்சுவர் கட்டி, உருளை மாட்டினார்கள். இரும்புக் கதவு ஒன்று வைத்தார்கள். அதையும் தென்பக்கமே வைத்தார்கள். மேலத்தெரு வழியாக வடகரைக்காரர்கள் குடத்தோடு நடந்த வழக்கம் என்றைக்கும் கிடையாது. யாரும் அவர்களை வரக்கூடாது என்று சொல்லவுமில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாதபடி சுவர் கட்டப்பட்டிருந்தது. சுவர் எழும்பிய இந்த மூன்று மாதமாக வடகரைப் பெண்கள் வெகுதூரம் நடந்து, மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோட்டங்களில் வாய்க்கால் ஓரமாய் நின்று, தோட்டக்காரர் மனசு வைத்தால் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கோடை முற்றியதும் அந்தக் கிணறுகளும் அடிமண்ணைக் காட்டத் தொடங்கிவிட்டன.

வகுப்பு முடிவதற்குள் பிளாக் ஆபீஸ் ஜீப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஊருணியைப் பார்க்க வந்திருக்கிறாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. ராயப்பராஜ் வந்து மொழிபெயர்க்க வேண்டும்.

சுவருக்குள்ளே, ஊருணிக் கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். மேலத்தெரு முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தது. வடகரைக்காரர்கள் வடக்குச் சுவருக்கு வெளியே, கற்களின்மேல் ஏறி, தலை மட்டும் தெரிய நின்றார்கள். அதிகாரி நல்ல முகம் உள்ளவர். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுத்துரை போட்ட மாலையைக் கழற்றி, பக்கத்திலிருந்த குழந்தையின் கழுத்தில் போட்டார். இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். தண்ணீர் இம்ப்ரூவ் ஆகியிருக்கிறது. தூய்மையாகியிருக்கிறது என்றார் ராயப்பராஜ். உங்கள் ஆரோக்கியம் இம்ப்ரூவ் ஆகும். உடம்பு தேறும் என்றார். கிராமங்கள் இம்ப்ரூவ் ஆனால் தேசம் இம்ப்ரூவ் ஆகும். முன்னேறும் என்றார் ராயப்பராஜ். ஒவ்வொரு முறையும் கைதட்டல். அப்புறம் அதிகாரி சுவருக்கு மேலே தெரிந்த தலைகளைப் பார்த்துக் கையை நீட்டி, அழுக்குக் குடத்தையும் மாட்டையும் தண்ணீரில் இறக்கும் பழக்கத்தை விட்டு நீங்களும் இம்ப்ரூவ் ஆகவேண்டும் என்றார்.

நீங்களும் திருந்தவேண்டும். அதுதான் நேரான தமிழ். ராயப்பராஜ் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். காலையில் ஜெபம் சொன்ன வாயால் இதைச் சொல்வதா? தாகத்தோடு நிற்கிறவர்களைப் பார்த்துத் திருந்தச் சொல்வதா?

அவர் தயங்கிய இடைவெளியில் சுவருக்கு மேலிருந்து வடகரை ஒச்சாயியின் குரல் வந்தது.

"வாத்தியாரய்யா, அந்தத் தொரைகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க."

"ஏ ஒச்சாயி! இது சபை," என்றார் பொன்னுத்துரை.

"சபைன்னுதேன் சொவத்துக்கு வெளிய நிக்கிறேன் மொதலாளி. உள்ளயா வந்துட்டேன்?"

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"முன்னால நரம்புச் செலந்தி வந்துச்சு, தண்ணியும் வந்துச்சு. இப்ப செலந்தியும் இல்ல, தண்ணியும் இல்ல. எம் மருமக நெறமாசக்காரி, கொடத்தோட வாய்க்கா மேட்டுல விழுந்து, வீட்டுல படுத்துக் கெடக்கா. இந்தச் சொவத்தக் கட்டயில எங்க பக்கம் ஒரு வாசக்காலு வைக்கணும்னு ஒருத்தருக்குமா தோணல? கேளுங்கய்யா."

அதிகாரி புன்னகையோடு ராயப்பராஜைப் பார்த்தார். பிளாக் ஆபீசர் குனிந்து, "அவ நன்றி சொல்றான்னு முடிச்சிருங்க சார்," என்றார். பொன்னுத்துரையும் நெருங்கி வந்தார். "வாத்தியாரே, பள்ளிக்கூடம் நடக்கிறது எங்க எடத்துல. பாத்துப் பேசுங்க."

ராயப்பராஜ் சண்டைக்காரர் அல்ல. பிரம்பைக்கூட அலமாரிக்கு மேலே போட்டு வைத்திருப்பவர். அன்றைக்கு அவர் ஒச்சாயி சொன்னதை ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னார். சிலந்தியைச் சொன்னார். விழுந்து படுத்துக் கிடக்கும் கர்ப்பிணியைச் சொன்னார். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, ஏன் அவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார். அவர் குரல் வகுப்பில் ஒருநாளும் கேட்காத அளவுக்கு உயர்ந்திருந்தது.

அதிகாரியின் புன்னகை மறைந்தது. சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிளாக் ஆபீசர் காதோரம் ஏதோ சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு, வருத்தத்தோடுதான், அதையும் வருங்காலத்தில் இம்ப்ரூவ் செய்யலாம் என்றார். ஜீப் வடமதுரைக்குப் போகவேண்டியிருந்தது. கை கூப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

"என்ன சொன்னாரு வாத்தியாரய்யா?" என்று கேட்டாள் ஒச்சாயி.

சுவர் நெடுக அத்தனை தலைகளும் அவரைப் பார்த்துக் காத்திருந்தன. தேறும், திருந்தும், முன்னேறும் என்று அவருக்கு எல்லாச் சொல்லும் தெரியும். எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்போல் இருந்தது.

"ஒண்ணும் சொல்லல தாயி," என்றார். "ஒண்ணுமே சொல்லல."

கூட்டம் கலைந்தது. பொன்னுத்துரையின் அக்கா ஜக்கம்மாள் மட்டும் கிணற்றடியில் நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரையைச் சுற்றி வடக்குச் சுவருக்கு நடந்தாள். "ஒச்சாயி, கொடத்த இப்பிடிப் போடு," என்றாள்.

"அக்கா!" என்றார் பொன்னுத்துரை.

"ஏலே, அவ கொடத்தத் தொட்டா நான் எம்புட்டுக் கொறஞ்சு போவேன்? நீ பொறந்தப்ப ஒன்னையத் தூக்கி வளத்தது இந்தக் கைதேன். அதுல கொறஞ்சதவிட இதுல கொறஞ்சிரப் போறேனா? போ, போயி மாலையெல்லாம் எடுத்து வையி."

பொன்னுத்துரை நின்று பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டிப் போனார்.

ஜக்கம்மாள் கிணற்றில் இறைத்து, கரை சுற்றிச் சுமந்து வந்தாள். நிறைந்த குடத்தைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுக்க அவள் கைக்கு எட்டவில்லை. ராயப்பராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார். கீழேயிருந்து வரும் குடத்தை வாங்கி அந்தப் பக்கம் இறக்கினார். தண்ணீர் தளும்பி அவர் மடியை நனைத்தது. ஒவ்வொரு குடமாக நகர நகர ஜக்கம்மாளின் மேல் அவருக்கு மரியாதை கூடியது. அதோடு கோபமும் கூடியது. இந்த அம்மாளுக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால்? தம்பி வீட்டுச் சோறு தின்கிறவளை எத்தனை நாளைக்கு வெளியே விடுவார்கள்? ஒருத்தியின் இரக்கத்தை நம்பி ஒரு தெரு முழுக்க நாக்கை நனைக்கவேண்டுமா? ஆண்டவர் கொடுத்த தண்ணீருக்கு ஏன் நடுவில் இத்தனை கை?

அடுத்த குடத்துக்குக் குனிந்தபோது அவருக்குக் கீழே ஒரு செங்கல் ஆடியது. சுண்ணாம்பு சரியாகப் பிடித்திருக்கவில்லை. விழுந்துவிடாமலிருக்க அதை உள்ளங்கையால் அழுத்தி உட்காரவைத்தார்.

ஒச்சாயி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எதுக்குய்யா அமுக்குறீக?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் கையை எடுத்தார். உள்பக்கம் ஜக்கம்மாள் குடத்தோடு காத்திருந்தாள். அவளும் அந்தக் கல்லைத்தான் பார்த்தாள், பிறகு குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். ராயப்பராஜ் செங்கல்லை இரண்டு பக்கமும் அசைத்து, மெதுவாகப் பெயர்த்தெடுத்து, வடகரைப் பக்கம் நீட்டினார். குடத்தை வாங்கியதுபோலவே ஒச்சாயி இரண்டு கையாலும் அதை வாங்கினாள்.