செங்கமேட்டுப் பாலம்

1986 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே செங்கமேட்டில் ரயில் பாதைக்கு மேலே கட்டிய பாலத்தில் பஸ்கள் ஓடத் தொடங்கின. கீழே இருந்த கேட் மறுநாள் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது.

அந்த கேட் மூடும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை நம்பி எட்டுக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டிருந்தன. முகையூர்ப் பக்கத்துக் காலனிகளிலிருந்து மழை பொய்த்த வருஷத்தில் கிளம்பி வந்தவர்கள். யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்தவர்கள். இங்கே அதே மல்லாட்டையை வேகவைத்து, காகிதத்தில் சுற்றி, ஜன்னல் ஜன்னலாக விற்றார்கள். மெட்ராஸுக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள், விற்கிறவள் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சுற்றுப்பட்ட ஊர்களில் இவர்கள் வேகவைத்ததை வாங்கித் தின்ன ஆள் கிடையாது.

அம்மணியும் அவள் புருஷன் மாசிலாமணியும் இங்கே வருமுன் செங்குன்றம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இருந்தார்கள். கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. சூளைக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தார்கள். திரும்ப அங்கே கால் வைப்பதில்லை என்று அம்மணி சொல்லியிருந்தாள். கேட்டில் விற்பனை நடந்தவரை அந்தச் சொல் நின்றது.

பாலத்துக்கு மண்ணும் ஜல்லியும் சுமந்தது இந்த எட்டுக் குடும்பங்கள்தான். மேடு ஏறும்போது பஸ் மெதுவாகத்தானே போகும், சரிவில் நின்று விற்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பாலம் திறந்த அன்று அம்மணி கூடையோடு சரிவில் ஓடினாள். ஒரு ஜன்னலையும் எட்ட முடியவில்லை.

கேட்கீப்பர் சவுரிராயன் மாற்றலாகி, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடு செங்குத்தா இருந்தா பஸ்ஸு மொனகிக்கினு ஏறும். நீங்கதான் மண்ண வஞ்சன இல்லாம கொட்டி, சரிவ நீட்டிப்புட்டீங்களே" என்று சிரித்தார். அம்மணி சிரிக்கவில்லை. கூடையிலிருந்த மல்லாட்டை சாயங்காலத்துக்குள் கெட்டு நூல் விட்டுவிட்டது.

திங்கட்கிழமை அவள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். முதல் பஸ்ஸின் படியில் கால் வைத்ததுமே வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒருத்தி புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ, யாரு நீ? பாண்டிச்சேரி பஸ்ஸு என்னுது."

"மெட்ராஸ் பஸ்ஸு?"

"எங்க மாமியாளுது. அவ போனா எனக்கு. நான் போனப்புறம் வேணா வந்து ஏறிக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டாண்டில் சும்மா கிடந்த பஸ் ஒன்றுமில்லை.

மறுநாள், பக்கத்து ஊர்ச் சந்தை. நிலபுலன் உள்ள வீட்டு அம்மாள் ஒருத்தி, கெங்கம்மாள், கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கி வாயருகே கொண்டுபோனாள்.

"நல்லா வெந்துருக்குது. எந்தூரு பொண்ணு நீ?"

"செங்கமேட்டு கேட்டாண்டங்க."

"அதுக்கு முன்னால?"

அம்மணி சொன்னாள். கெங்கம்மாள் மல்லாட்டையைத் தோலோடு கூடையிலேயே போட்டாள்.

"வேவாததா இருந்தா வாங்கிக்குவேன்."

"வேவாதது உங்க கொல்லையிலயே இருக்குதேம்மா."

"அப்ப கொல்லைக்கு வா. கள எடுக்க ஆளு இல்ல."

"மாசத்துல எத்தினி நாளுங்க கள எடுப்பீங்க?"

"நாலு நாளு. மிச்ச நாளைக்கு நானா சோறு போடுவேன்?"

அவள் திரும்பியபோது குடிசை வாசலில் அந்தச் செங்குன்றம் சூளையின் மேஸ்திரி சீனுவாசன் உட்கார்ந்திருந்தான். நடு சீசனில் சூளையில் இரண்டு ஜோடிகள் ஓடிவிட்டன; பதிலுக்கு ஆள் வேண்டும். செங்கல் அறுக்கும் வேலைக்கு ஆணும் பெண்ணும் ஜோடியாகத்தான் எடுப்பார்கள். வியாழக்கிழமை லாரி வரும் என்றான். அம்மணி கூடையோடு உள்ளே போனாள்.

விடிந்ததும் மாசிலாமணி அவளுடைய பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து ஒரு கொம்பில் கட்டினான்.

"இன்னாய்யா பண்ற?"

"பஸ்ஸு வேற எதுக்கு நிக்கும்? செவப்புக்கு நிக்கும்."

அவன் பாலத்தின் வாயில் நடுரோட்டில் நின்று கொடியை விரித்துப் பிடித்தான். திருச்சி பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார்.

"இன்னாய்யா, பாலம் உள்வாங்கிடுச்சா?"

அதற்குள் ஒரு பக்க ஜன்னல்களில் அம்மணி, மறு பக்கம் அவர்களோடேயே இருந்த அவள் கொழுந்தன் விருத்தாசலம். கூடையில் பாதி காலியானது.

"அடப்பாவி, மல்லாட்டைக்காடா கொடி புடிச்ச?" என்று கத்திய கண்டக்டர், ஒரு பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு விசில் ஊதினார்.

அடுத்து வந்த பஸ்ஸும் நின்றது. அம்மணி குடிசைக்கு ஓடி, அடுப்பில் மறுபடி பானை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது மூன்றாவது பஸ் வந்துகொண்டிருந்தது. எதிரெதிரே வரும் டிரைவர்கள் வழியில் ஒருவருக்கொருவர் சேதி சொல்லியிருந்தார்கள். அது வேகத்தைக் குறைக்கவில்லை.

"யோவ், வந்துடுய்யா!" என்று அம்மணி கத்தினாள்.

மாசிலாமணி அசையவில்லை. சிவப்பைப் பார்த்தும் நிற்காத வண்டியை அவன் அந்த கேட்டில் கண்டதேயில்லை. கடைசி நொடியில் ஒதுங்கினான். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் வலது கையில் மோதியது. முழங்கைக்கு மேலும் கீழும் எலும்பு முறிந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். வியாழக்கிழமை காலை சீனுவாசன் அங்கேயே வந்துவிட்டான்.

"இந்தக் கைய வெச்சிக்கினு இவன் மண்ணு பெசைய முடியாது. கொழுந்தன் கீறான் இல்ல? அவனோட ஜோடியா வா."

"இன்னா பேச்சு பேசுற நீ?"

"சூளையில தாலியவா பாக்குறாங்க? கல்லத்தான் பாக்குறாங்க. ஜல்தியா சொல்லு. லாரி நிக்காது."

அம்மணி புருஷனைப் பார்த்தாள்.

"அங்க போவ மாட்டேன்னு சொன்னேன்யா."

"நானுந்தான் சொன்னேன்."

"வேணாம்னு சொல்லுய்யா. ஒரே ஒரு வார்த்த."

"சொல்லிட்டு? எதத் துண்றது? மூணு வயிறு கீதுமே."

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று மாலை லாரி செங்கமேட்டுக்கு வந்தது. அம்மணியும் விருத்தாசலமும் ஒரு ஜோடியாக ஏறினார்கள். லாரி பாலத்தின் மேலேறி வடக்கே போனது.