திரைக்கு வந்த ஹமீது

காய்ச்சல் விட்டுப் போகும்போது சஃபீனாவின் இரண்டு காதுகளையும் கையோடு கொண்டுபோய்விட்டது. தாராவியில் கணவன் ஹமீதுக்குத் தோல்பை தைக்கும் பட்டறை. அதற்கு மேலே மாடியறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆர்டர் பிடிப்பது அவள் வேலை. முன்பெல்லாம் பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருப்பாள். 'டிங்' என்றதும் எட்டிப் பார்த்துப் பதில் போடுவாள். இப்போது அந்த 'டிங்' வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. காட்கோபர் கடைக்காரர் ஒருவர் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

"வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன்" என்றாள் ஹமீதிடம். குரல் எவ்வளவு ஓங்குகிறதோ என்ற கூச்சத்தில், காது போனதிலிருந்து அவள் பேச்சே முணுமுணுப்பாகிவிட்டது.

ஹமீது முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னான்: "ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறு."

ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை நஸீரா செம்பூரிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அண்ணனும் தங்கையும் மாடியறையைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்தார்கள். ஹமீது வேர்த்து வழிய வெளியே வந்தான்.

"என்ன செஞ்சிய ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல மதினி" என்று அசைந்தது நஸீராவின் உதடு. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு!

மறுநாள் சஃபீனா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை பளிச்சென்றது. நிமிர்ந்தால், திரை நிறைய ஹமீது! கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான். கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தான். அந்த இடத்தில் புது ஆர்டர் ஒன்று நின்றது. 'டிங்'குக்குப் பதிலாக நஸீரா எடுத்து வைத்த வீடியோ!

நிக்காஹ் போட்டோவில்கூடத் தலை நிமிராத மனுஷன்!

தப்பான பட்டனை அழுத்தியபோது அவனே வந்து கண்ணை உருட்டினான். சார்ஜர் கழன்று பேட்டரி இறங்கியபோதோ, நாற்காலியில் அப்படியே சரிந்து நாக்கைத் தொங்கவிட்டான். சஃபீனா வெடித்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

காலுக்கடியில் தரைப்பலகையின் அதிர்வு நின்றது. கீழே தையல் மெஷின்களெல்லாம் நின்றுவிட்டன. ஹமீது படியேறி ஓடிவந்தான்.

"ரொம்பச் சத்தமாவா சிரிச்சேன்?"

"தெருவுக்கே கேட்டுச்சு." அவன் கண் கலங்கியிருந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கீழ பயலுவளும் ஆளுக்கு ஒரு வீடியோ எடுத்துத் தாரேங்கானுவ. போடட்டுமா?" என்றான்.

"ஒருத்தனும் வேண்டாம்" என்றாள் சஃபீனா, அடக்காத குரலில். "எனக்கு இந்த மூஞ்சி போதும்."

கீழே யாரோ விசிலடித்தார்கள். அது ஹமீதுக்கு மட்டும்தான் கேட்டது. அவன் முகம் சிவந்துபோனது.