ஆறாவது வரி

1.

இந்தக் கதை ஒரு திருட்டிலிருந்து வந்தது. கண் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை, வரிசையில் காத்திருந்தபோது நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுகிற புத்தி. அதை என் பெயரில் சொல்லக் கூச்சம். அதனால் எழில்மதி என்று ஒருத்தி.

2.

கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்

(அடித்துவிட்டேன். மலைக்கும் வீரமுத்துவின் விழித்திரைக்கும் சம்பந்தமில்லை.)

எழில்மதியின் அப்பா வீரமுத்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். சர்க்கரை நோயில் இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணில் விழித்திரை வீக்கம். (கரும்பு சுமந்தவருக்குச் சர்க்கரையா என்று சிரிக்க வருவீர்கள். மலிவான சிரிப்பு, நானே சிரித்து முடித்துவிட்டேன்.) மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. அதற்கு முன்னால் அட்டையைப் படிக்க வேண்டும். எத்தனை வரி படிக்கிறார் என்பதை வைத்துத்தான் மருந்து கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன் மெஷின் ரெண்டு மாதமாக ரிப்பேர்.

வீரமுத்து புரிந்துகொண்டது வேறு: பாஸானால் ஊசி கிடையாது.

"எழிலு, அட்டைய எழுதியாந்தியே, படி."

"எதுக்குப்பா?"

"படின்னா படி. மூணு வரி எனக்கே தெரியுது. நாலாவதுலேந்து."

"பொட்டப்புள்ளைக்கு எழுத்து இன்னாத்துக்கு" என்று எட்டாவதோடு அவளை நிறுத்திய மனிதர், மாதம் முழுக்க அவள் எழுத்தைக் கேட்டு மனப்பாடம் செய்தார்.

3.

ஆறாவது வரிவரை தட்டாமல் சொன்னார். டாக்டர் அட்டையைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். அந்தக் கண்ணைத்தான் பார்க்கவில்லை.

"அருமைங்க ஐயா. மருந்து நல்லா கேட்டிருக்கு. இந்த மாசம் ஊசி வேணாம்."

எழில்மதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

(இங்கே 'துணிந்து உண்மையைச் சொன்னாள்' என்று எழுதிப் பார்த்தேன். கதையில் வரும் பெண்களுக்குத்தான் டாக்டர் முன்னால் எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது.)

பஸ் ஸ்டாண்டில் அப்பா கேட்டார்: "நம்ம வண்டியாமா அது?"

"சின்னசேலம் போறதுப்பா."

"ஆமாமா. வெயிலு கூசுது, அதான்."

வெயிலே இல்லை. பஸ்ஸின் ஊர்ப் பலகையில் ஒவ்வொரு எழுத்தும் அவர் உள்ளங்கை அகலம்.

4.

முடிவு வேண்டுமாம் உங்களுக்கு.

ஒன்று: அவள் டாக்டரிடம் சொல்கிறாள். மேலே பார்க்கவும், அடித்தாயிற்று.

இன்னொன்று: பார்வை முழுதும் போகிறது, நீங்கள் மூக்கைச் சிந்துகிறீர்கள். உங்கள் கைக்குட்டை நனைவதற்காக என் அப்பாவின் கண்ணை

(அவள் அப்பாவின்.)

மற்றது நடந்துகொண்டிருக்கிறது. எழில்மதி நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, நாலாவது வரியிலிருந்து எல்லா எழுத்தையும் மாற்றி எழுதினாள்.

"அட்டைய மாத்திட்டாங்களாம்ப்பா. புதுசு எழுதியாந்திருக்கேன்."

"நல்ல வேளை சொன்ன. படி."

நாளைக்குப் பரிசோதனை. தப்பாகச் சொன்னால் ஊசி திரும்ப வரும். இருக்கிற ஒரு கண்ணாவது மிஞ்சலாம். மகள் என்ன செய்தாள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவளை எதையும் படிக்கச் சொல்ல மாட்டார்.

இதோ, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆறாவது வரியைச் சொல்கிறார். ஆஸ்பத்திரி அட்டைப்படி ஒரு எழுத்துகூடச் சரியில்லை.

"கரெக்டாமா?" என்கிறார்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் வாய் இருக்கிறதே.