பேழைக்கு வெளியே பதினான்கு ஆண்டுகள்

அச்சகத்தில் அவருக்குப் பேழைக்காரர் என்று பெயர். பிரளயத்துக்குப் பேழை கட்டிய நோவாவின் மூன்று பிள்ளைகளில் யாரிடமிருந்து எந்த இனம் முளைத்தது என்று முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? கிறிஸ்தவ வேதபாடசாலையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் பிரதியை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு வந்து முதலாளியின் மேஜை மேல் வைத்துவிட்டு, "பிழை திருத்தறது யாரு?" என்று கேட்டார். முதலாளி ஜன்னலோர மேஜையைக் கைகாட்டினார். அங்கே உட்கார்ந்திருந்தது பேழைக்காரரின் மகள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் தலைமுழுகிய மகள்.

ஊர்க் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நோவாவின் பிள்ளை காமின் வம்சம், அதிலும் அடிமையாகக் கிட என்று நோவாவிடம் சாபம் வாங்கிய பேரன் கானானின் கிளை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தாமும் தம் குலமும் ஆசி வாங்கிய பிள்ளை சேமின் நேர் வாரிசுகள் என்பது அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சாபம் இருப்பது அவருக்கு முதல் இருபது வருடம் தெரியவே தெரியாது. மகள் ஒரு வெல்டரைக் கட்டிக்கொண்டு கால்வாயைத் தாண்டிய பிறகுதான் வேதத்தில் அது அவர் கண்ணில் பட்டது.

"நீயா?" என்றார். பைகளை அவள் மேஜைக்கு மாற்றி வைத்தார். "சரி. வெளியாள் கையில குடுக்கறதுக்கு நீ பாக்கறது தேவலை. எழுத்து விஷயத்துல நீ கெட்டி."

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒன்பது வருடம் கழித்து அப்பா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது, அவள் உருகிவிட்டாள். அதோடு நிற்காமல் கேட்கவும் செய்தாள்.

"வம்ச அட்டவணையில அண்ணன் பசங்க பேரு இருக்குன்னு சொன்னாங்க. என் பொண்ணு பேரும் வரணும்ப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரும். நான் சொன்னா சொன்னதுதான்."

மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எழுபது இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன். அத்தனை பிள்ளைகளையும் ஆண்களே பெற்றுப்போட்டது போலிருந்தது. வீட்டில் எட்டு வயது மகள் தினமும் ஒரே கேள்வி கேட்டாள்.

"தாத்தா புக்ல நான் எத்தனாவது பக்கம்மா?"

"கடைசியில வரும்டா. நல்ல இடமெல்லாம் கடைசியிலதான்."

புருஷன் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தான். "அந்த மனுஷன் உன் காதுல பூ சுத்தறார். உனக்குத் தெரியல." அதற்காக அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நடுவில் ஒரு பிழை அகப்பட்டது. எழுத்துப் பிழை இல்லை, கணக்குப் பிழை. தம் குலத்துக்கு இன்னும் கொஞ்சம் பழமை சேர்க்க ஆசைப்பட்டு, அப்பா ஆதி மனிதர்களின் வயதுகளை மட்டும் வேதத்தின் வேறொரு பழைய பிரதியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நோவாவின் பாட்டனார் மெத்தூசலாவுக்கு ஜலப்பிரளயம் வந்தபோது வயது தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. அவர் செத்ததோ தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாவது வயதில். பேழைக்குள் ஏறியதோ எட்டே பேர், அதில் பாட்டனார் இல்லை. உலகமே முழுகின பிறகும் கிழவர் எங்கேயோ பதினான்கு வருடம் சுகமாக இருந்திருக்கிறார்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா நாலு பேர் முன்னால் மூக்கறுபடக் கூடாதே என்று சிவப்பு மையில் சரியான எண்களை எழுதி வைத்தாள்.

வம்ச அட்டவணைகள் கடைசியாக வந்தன. சேமின் அட்டவணையை முதலில் எடுத்தாள். அப்பா இருந்தார், அண்ணன் இருந்தான், அண்ணனின் இரண்டு பையன்கள் இருந்தார்கள். தன் மகள் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்த தாளைப் புரட்டினாள்.

அங்கே இருந்தது. கானானின் அட்டவணையில், 'அடிமை ஊழியத்துக்கு விதிக்கப்பட்டோர்' என்ற தலைப்பின் கீழ், வெல்டரின் பெயருக்கு அடியில், பிழையே இல்லாமல் பிள்ளையின் முழுப்பெயர். பெற்றவளின் பெயர் இரண்டு தாளிலும் இல்லை. அவள் பத்து மாதம் சுமந்ததெல்லாம் சும்மா.

அப்பா எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தானே போய்க் கேட்டு வாங்கினோமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவை எடுத்து மகளின் பெயரை அடித்தாள். நீக்கு என்பதற்கான சுழியைப் போட்டாள். பிறகு மெத்தூசலாவின் பக்கத்துக்குத் திரும்பிப் போய், தன்னுடைய சிவப்புத் திருத்தத்தின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தாள். அச்சகத்தில் அதற்கு அர்த்தம், திருத்த வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்பது. அவள் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்த அப்பா கடைசித் தாள்களைக் கேட்கவேயில்லை.

புத்தகம் வந்தது. மேடையில் நாலு பேர் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். ஒருவரும் படித்திருக்கவில்லை. அவள் வீட்டில்தான் ஒருத்தி படித்தாள். விரலை வைத்து வைத்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினாள், பிறகு ஒன்றும் கேட்காமல் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். பேரை எடுத்தது நான்தான் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

நாலாம் நாள் காலையில் அச்சகத்துக்குப் போன் வந்தது.

"ஐந்நூத்தி எண்பத்தேழாம் பக்கத்துல ஒரு பேரு விட்டுப்போச்சு," என்றார் அப்பா. "உன் பொண்ணு பேருதான். குடுத்த வாக்கை நான் காப்பாத்திட்டேன். நீதான் கோட்டை விட்டுட்ட. அடுத்த பதிப்புல சேத்துடு."

குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பேத்திக்கு நல்லது செய்ததாகவே அந்த மனிதர் நம்பினார். அது அவளை இன்னும் கொன்றது.

"விட்டுப்போகலப்பா. நான்தான் அடிச்சேன்."

"ஏன்?"

"உங்க புஸ்தகத்துல வெள்ளம் வந்து பதினாலு வருஷம் கழிச்சும் ஒரு கிழவர் பேழைக்கு வெளிய உசுரோட இருக்கார்ப்பா. நீங்க போட்ட கணக்குதான். அவர் இருக்கலாம்னா உங்க அட்டவணைக்கு வெளிய என் பொண்ணும் இருப்பா."

"என்ன உளர்ற? எந்தக் கிழவர்?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அவசரமாக, முன்னும் பின்னுமாகப் புரட்டினார். பக்க எண்ணைச் சொல்லிவிடலாமா என்று பழக்கதோஷத்தில் ஒரு கணம் நினைத்தாள். தன் பிள்ளை தேடிய மாதிரி அவரும் தேடட்டும் என்று போனை வைத்தாள்.