கண்ணாடி காட்டாத வீடு

...கூடாதென்றால் கூடாதுதான், ஆனால் எங்கே திரும்பினாலும் கண்ணாடியாக இருந்தால் அவள்தான் என்ன செய்வாள், செத்த புலிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, செத்த பாம்புக்கு ஒரு கண்ணாடிப் புட்டி, சென்னப்பட்டணத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று சரியாகத்தான் பேர் வைத்தார்கள்... சிங்கப்பூர் மியூசியத்துக்குள் மங்களம் தன் பிள்ளையின் முகத்தைத் தோளோடு அழுத்திக்கொண்டு நடந்தாள். பேச்சு வருகிற வரைக்கும் குழந்தைக்குக் கண்ணாடி காட்டாதே, காட்டினால் ஊமையாகிவிடும் என்று கப்பலேறும்போது அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சிங்கப்பூரில் வந்து இறங்கிய அன்றே சிராங்கூன் ரோட்டு வீட்டுச் சுவர்க்கண்ணாடியைப் பழைய புடவையால் போர்த்தியாயிற்று. தலைவாருவது, பொட்டு வைப்பது எல்லாம் கைப்பழக்கம்தான். அத்தனையும் செய்தும் என்ன, சேகருக்கு ஒன்றரை வயதாகிறது, ஒரு அம்மா இல்லை, ஒரு தா இல்லை. எதிர்வீட்டு ருக்கையாவின் பெண் இவனுக்கு இளையவள், பால்காரனைத் தமிழில் ஒருமுறை மலாயில் ஒருமுறை அதட்டுகிறாள். இவனுக்குக் காது கேட்கிறது, பாத்திரம் விழுந்தால் திரும்புகிறான், பிறகு எங்கே போய் ஒளிந்தது பேச்சு? ஒருவேளை எங்கேயாவது, பித்தளைச் செம்பிலோ குளத்துத் தண்ணீரிலோ, அவள் அறியாமல் காட்டிவிட்டாளோ?

முன்னால் அவள் புருஷன் கோவிந்தசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தையே விலைபேச வந்தவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. பகலெல்லாம் கூலியாட்களிடம் கத்தித் தொண்டையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர். வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் பாய். நேற்று, நாளைக்கு லீவு, மியூசியம் போகலாம் என்றாரே, அதுதான் இந்த வாரத்தில் பேசிய நீளமான பேச்சு. அதற்கு அவள் என்ன சொன்னாள்? ம் என்றாள். குறை சொல்லக்கூடாது, அடித்ததில்லை, குடித்ததில்லை, கறிமீனுக்குக் குறைவைத்ததில்லை... ஆனாலும் மத்தியானங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம்கூடக் கேட்கும். அப்போதெல்லாம் அவளுக்கு ஓவென்று அழத் தோன்றும், பிள்ளை பயந்துவிடுமே என்று அதையும் சத்தமில்லாமல்தான் அழுவாள்.

கடைசி அறையில் மிருகங்கள் இல்லை, படங்கள். அப்பாடா என்றிருந்தது. பெரிய சட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்காரச்சி, மடியில் குழந்தை, அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், படம் எழுதியவன் பாதிச் சொல்லில் முடித்துவிட்டான் போல. என்ன சொல்லியிருப்பாள்? ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் என்னதான் சொல்வார்கள்? அது சொல்லவே ஆரம்பிக்கவில்லை, நாம் என்ன சொல்ல... மங்களம் நினைப்பு போன போக்கில் கிட்டே போய்விட்டாள். படத்துக்கும் கண்ணாடி போட்டிருந்தது. சேகர் அதன் பக்கம் தலையைத் திருப்பிவிட்டான். அய்யோ என்று கண்ணைப் பொத்தப் போனவள் கை அப்படியே நின்றது. அந்தத் துரைசானியின் கழுத்துக்கு மேலே வேறொரு முகம், கன்னம் ஒட்டிப்போய், பொட்டு இடப்புருவத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு... இதுவா நான்? சேகர் கண்ணாடியில் அந்தப் பொட்டைத் தொட்டான், திரும்பி அவள் நெற்றியைப் பார்த்தான், நிஜப் பொட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினான். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்படியேதான் தினமும் தெருவில் போனேனா, இன்று ரிக்‌ஷாவில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்தாரே, அவர்கூடப் பார்க்கவில்லையா?

போகலாமா என்று கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் கேட்டேவிட்டாள்.

"என்னங்க, என் பொட்டு கோணலாவா இருக்கு?"

அவர் அவளைப் பார்த்தார், ஆச்சரியமே இல்லாமல். "ஆமா. இங்க வந்ததிலேருந்து அப்படித்தானே வச்சுக்கிறே. புள்ள பெத்தவங்களுக்கு அது உங்க ஊர்ப் பழக்கம்னு நெனச்சேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தினமும். சிரிப்பதா, அழுவதா... அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை, பிள்ளை இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்து யார் பேசுவார்கள் என்று. ஊமையாகிவிடும் என்று ஊரில் அம்மா சொன்னது கண்ணாடி பார்த்த பிள்ளையைத்தான், எதையும் பார்க்காமலே ஊமையாகிப்போன வீட்டுக்கு என்ன செய்வது என்று அவள் சொல்லி அனுப்பவில்லை. வாசலில் ரிக்‌ஷாக்காரன் எழுந்து நின்றான். வீடு போய்ச் சேர ரொம்ப தூரமில்லை. அதற்குள் இந்தப் பிள்ளையிடம் முதலில் எதைச் சொல்வது என்று மங்களம் யோசித்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.